தேக்குத் தோப்பில் கணுக்கால் அளவு சருகு கிடக்கிறது, மண்ணில் தழைச்சத்து ஏன் ஏறவில்லை?

கேட்டவர்: அணைக்கட்டுக் கொல்லை

அனைவருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டிலிருந்து ஒடுகத்தூர் போகும் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் கொல்லை இருக்கிறது. முன்பு மல்லாட்டையும் கேழ்வரகும் போட்டுக்கொண்டிருந்தோம். வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதான பிறகு, பதினொரு ஆண்டுகளுக்கு முன் இரண்டு ஏக்கரில் தேக்கும் ஒரு ஏக்கரில் தைலமரமும் வைத்தோம். சரளை கலந்த செம்மண். முதல் மூன்று ஆண்டுகள் கிணற்றுத் தண்ணீர் விட்டோம். அதன்பின் வானம் பார்த்ததுதான்.

தை பிறந்ததும் தேக்கு இலை கொட்டத் தொடங்கும். பங்குனி முடிவதற்குள் மரங்கள் மொட்டையாகி, தரையில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு சேர்ந்துவிடும். இவ்வளவு இலையும் மக்கினால் மண் தானாக வளப்பட்டுவிடும் என்று நம்பி, ஒரு கூடைச் சருகைக்கூட நான் வெளியே விட்டதில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்திரையில் எடுத்த மண் மாதிரியில், பயிருக்குக் கிடைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஹெக்டேருக்கு 190 கிலோ என்று வந்தது. இந்தச் சித்திரையில் அதே இடத்தில் எடுத்ததில் 196 கிலோ. இரண்டு முறையும் 'குறைவு' என்றே குறித்திருக்கிறார்கள். இரண்டு வருடச் சருகும் எங்கே போயிற்று என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் தம்பி, அடுத்த பங்குனியிலாவது கொளுத்திவிடலாம், சாம்பலாவது மிஞ்சும் என்கிறான். செங்கல் சூளை வைத்திருக்கும் ஒருவர் சருகை வாரிக்கொள்ளக் கேட்கிறார். வரப்பில் நிற்கும் புங்க மரங்களின் இலை மட்டும் விழுந்த சில மாதங்களில் காணாமல் போய்விடுகிறது. தைலமர இலையோ போன வருடத்தது இன்னும் அப்படியே கிடக்கிறது. ஒரே மண், ஒரே மழை, பிறகு இந்த வேறுபாடு ஏன்? அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற களப்பணியாளர்

ஐயா, வணக்கம். மர ஆராய்ச்சித் திடல்களில் பல ஆண்டுகள் சருகு வாரி, உலர்த்தி, எடை போட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் சருகு எங்கும் போய்விடவில்லை. அது இருக்கும் இடத்தை மண் பரிசோதனை பார்ப்பதில்லை. மண் மாதிரி எடுக்கும்போது முதலில் மேலே கிடக்கும் இலை தழைகளை ஒதுக்கிவிட்டு, அதன்பிறகே குழி வெட்டி மண்ணைச் சீவி எடுக்கச் சொல்வார்கள். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள். தழைச்சத்தில் பெரும்பங்கு அந்த ஒதுக்கப்பட்ட இலைக்குள்ளேயே இருந்திருக்கும்.

சத்து எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஏக்கருக்கு 2 டன் உலர்ந்த சருகு விழுவதாகவும், அதில் 1 விழுக்காடு தழைச்சத்து இருப்பதாகவும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 20 கிலோ தழைச்சத்து ஆகிறது. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து என்பதால், அது ஏறத்தாழ 43 கிலோ யூரியாவுக்குச் சமம். அதாவது இப்போது விற்கும் 45 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. மலைபோலத் தெரியும் சருகில் இருப்பது இவ்வளவுதான். இதையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ள முடியாது.

சருகில் தழைச்சத்து குறைவாக இருப்பதற்கு மரமே காரணம். இலை பழுக்கும்போது அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) ஏறத்தாழப் பாதியை மரம் கிளைக்குள் திரும்ப இழுத்துக்கொண்டு, மிச்சத்தோடுதான் இலையை உதிர்க்கிறது. சுண்ணாம்புச்சத்தை (கால்சியம்) அப்படி இழுக்க முடியாது. அது இலையோடு இறங்கிவிடும். நம் பெரியவர்கள் நாற்றங்காலுக்கும் கழனிக்கும் புங்கத்தழையைப் பச்சையாக ஒடித்துப் போட்டு மிதித்தார்களே தவிர, புங்கச் சருகைக் கூட்டி அள்ளிக் கொண்டுபோய்ப் போடவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். பச்சைத் தழைக்கும் சருகுக்கும் உள்ள தூரத்தை அவர்கள் கணக்கில்லாமலே அறிந்திருந்தார்கள்.

அடுத்தது நுண்ணுயிர்களின் பங்கு. உலர்ந்த இலையில் ஏறத்தாழப் பாதி கரிமம் (கார்பன்). தழைச்சத்து 0.8 விழுக்காடாக இருந்தால், ஒரு பங்கு தழைச்சத்துக்கு அறுபது பங்குக்கு மேல் கரிமம் இருக்கும். இந்த விகிதம் 25 முதல் 30க்கு மேல் போகாமல் இருந்தால்தான் பாக்டீரியாவும் பூஞ்சையும் தங்கள் தேவை போக மிச்சத்தை மண்ணுக்கு விடும். அதைவிட அதிகமாக இருந்தால், இலையைத் தின்பதற்கு வேண்டிய தழைச்சத்தை அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்தே கடன் வாங்கும். ஆகவே தொடக்க மாதங்களில் சருகு மண்ணுக்குக் கொடுப்பதைவிட மண்ணிடமிருந்து வாங்குவதுதான் நடக்கும். கரிமம் மூச்சுக்காற்றாக வெளியேறி விகிதம் இறங்கிய பிறகே கொடுக்கல் தொடங்கும்.

எல்லாச் சத்துக்கும் இந்தக் கதை பொருந்தாது. சாம்பல்சத்து (பொட்டாசியம்) இலையின் எந்தக் கட்டுமானத்திலும் பிணைந்திருப்பதில்லை, உயிரணுச் சாற்றில் கரைந்தே இருக்கிறது. எனவே நல்ல மழை நாலு பெய்தாலே பெரும்பகுதி கழுவிக்கொண்டு இறங்கிவிடும், அதற்கு நுண்ணுயிரின் தயவு வேண்டியதில்லை. மக்னீசியம் அதற்கு அடுத்து. மணிச்சத்து, தழைச்சத்தைப் போலவே முதலில் பிடித்துவைக்கப்பட்டுப் பின்னர் விடப்படும். உயிரணுச் சுவரிலும் படிகங்களாகவும் கட்டுண்டு கிடக்கும் சுண்ணாம்புச்சத்து, இலை சிதையச் சிதையத்தான் வெளிவரும்.

புங்கம் ஓடுவதும் தைலம் நிற்பதும் ஏன் என்று கேட்டீர்கள். புங்கம் அவரைக் குடும்பத்து மரம். அதன் இலையில் தழைச்சத்து கூடுதல், இலையும் மெல்லியது. தைல இலை தோல்போலத் தடித்தது. எண்ணெயும் டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்களும் நிறைந்தது. டானின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை நுண்ணுயிர்களுக்கு எட்டாதபடி செய்துவிடும். இதற்கு மேல் லிக்னின் என்ற மரக்கெட்டிப் பொருள் இருக்கிறது. அதைச் சிதைக்கத் தெரிந்தவை சில வகைப் பூஞ்சைகளே. ஓர் இலை எவ்வளவு விரைவாக மக்கும் என்பதைச் சொல்ல, அதிலுள்ள லிக்னினுக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

ஐப்பசி அடைமழைக்குப் பிறகு ஒரு நாள் தோப்பில் உட்கார்ந்து, சருகை ஒவ்வொரு படலமாக உரித்துப் பாருங்கள். மேலே கிடப்பது காற்றுக்குச் சலசலக்கும். அதற்குக் கீழே உள்ளதில் அங்கங்கே ஓட்டை விழுந்திருக்கும், கையில் எடுத்தால் துவளும். மூன்றாவது படலம் தரையோடு ஒட்டி, அடிப்பக்கத்தில் வெள்ளை நூல்போலப் பூஞ்சை இழை ஓடியிருக்கும். நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சியிருக்கும். அதற்கும் கீழே விரலில் கருப்பாக ஒட்டும் பொடியில், நூலைவிட மெல்லிய தேக்கு வேர் மேல்நோக்கி ஏறி நுழைந்திருப்பதைக் காண்பீர்கள். விடுபடும் தழைச்சத்தை அந்த வேர் அப்போதைக்கப்போதே உறிஞ்சிவிடுகிறது. மண் மாதிரியில் ஏறாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். தோப்புக்கு அது நட்டமும் இல்லை.

பதில்: பள்ளிகொண்டா சவுக்கு

களப்பணியாளர் ஐயா சொல்வதெல்லாம் இருபது முப்பது ஆண்டுகள் நிற்கும் தேக்குக்குச் சரி. பாலாற்றங்கரை மணற்பாங்கில் சவுக்கு வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் நான்கைந்து ஆண்டுகளில் வெட்டி விற்றுவிடுகிறோம். சவுக்குச் சருகு மக்குவதற்குள் மரமே லாரியில் ஏறிவிடுகிறது. சருகை ஊர்ப்பெண்கள் அடுப்புக்கு வாரிக்கொண்டு போகிறார்கள், நான் தடுப்பதில்லை. அது கிடந்தால் தீ பயமும் உண்டு. ஒருமுறை பீடி நெருப்பில் அரை ஏக்கர் இளங்கன்று கருகிப்போனது. அந்த ஆண்டு முதல் சித்திரைக்கு முன் கூட்டிக் கொளுத்திவிடுகிறேன். தம்பி சொல்வதை அப்படியே தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து.

பதில்: ஓய்வுபெற்ற களப்பணியாளர்

தீ பயம் உண்மையானது. மாசி முதல் வைகாசி வரை நம் மாவட்டத்துக் காடுகளே எரிகின்றன, தோப்பு எம்மாத்திரம். அதற்குத் தோப்பைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்குச் சருகை உள்ளே தள்ளி, வெறுந்தரையாக வைத்தால் போதும். சருகைக் கொளுத்தும்போது அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது, கந்தகமும் அப்படியே. சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தும் மிஞ்சும் என்று தம்பி சொல்வது சரிதான். ஆனால் பங்குனியில் எரித்த சாம்பல் முதல் மழை வரை காற்றில் கிடக்க வேண்டும். மழை வந்தாலும் மூடாக்கு இல்லாத சரிவில் தண்ணீரோடு ஓடைக்குப் போய்விடும்.

சவுக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் இலை என்று சொல்லும் அந்த ஊசி, உண்மையில் கிளைக்குருத்து. இலை அதன் கணுக்களில் செதில்போலச் சிறுத்துப் போயிருக்கிறது. அதனால்தான் அது முரடாக இருக்கிறது. ஆனால் சவுக்கின் வேர்முடிச்சில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அந்தச் சத்தின் ஒரு பங்கைச் சுமந்து வருவதும் இந்தச் சருகுதான். மரத்தை அடிக்கடி வெட்டுபவர்கள் கட்டையை மட்டும் ஏற்றிவிட்டு, நுனியையும் சருகையும் நிலத்திலேயே விடுவது நல்லது. எடையில் அவை சிறியவையாக இருந்தாலும், சத்தில் அவற்றின் பங்கு எடைக்கு மிஞ்சியது.

பதில்: ஜவ்வாது அடிவாரம்

இதுவரை யாரும் கறையானைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் பக்கம் அதைப் பற்றிப் பேசாமல் சருகைப் பற்றிப் பேச முடியாது. மாசி பங்குனியில் பூஞ்சையும் மண்புழுவும் ஓய்ந்து கிடக்கும்போது, வேலை செய்வது கறையான் மட்டுமே. காலையில் போய்ப் பார்த்தால் சருகின் மேல் ஈரமான செம்மண் பூச்சு படர்ந்திருக்கும். அதைக் குச்சியால் தட்டினால் உள்ளே இலை இருக்காது, மண் ஓடு மட்டும் இலையின் வடிவத்தில் நிற்கும்.

இவற்றில் பல, புற்றுக்குள் பூஞ்சை வளர்க்கும் இனங்கள். தின்ற சருகைப் புற்றின் அறைகளில் தேன்கூடு போல அடுக்கி, அதன்மேல் பூஞ்சை பயிரிட்டு, அந்தப் பூஞ்சை லிக்னினைச் சிதைத்த பிறகு உண்கின்றன. மழை விழுந்ததும் புற்றோரம் குடை விரிக்கும் புற்றுக்காளானை நாம் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறோமே, அது அந்தத் தோட்டத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுதான். களப்பணியாளர் ஐயா சொன்ன, லிக்னினைச் சிதைக்கத் தெரிந்த பூஞ்சைகளில் ஒன்றை இந்தப் பூச்சி வீட்டிலேயே வளர்க்கிறது.

ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. கறையான் சத்தைத் தோப்பு முழுவதும் பரப்பாமல் புற்றில் கொண்டுபோய்க் குவிக்கிறது. பழைய புற்று இடிந்து கரைந்த இடத்தில் கேழ்வரகு கருகருவென்று வளர்வதையும், பத்தடி தள்ளி வெளிறிக் கிடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். எனவே அணைக்கட்டு ஐயா அடுத்த முறை மண் மாதிரி எடுக்கும்போது, புற்றுக்கு அருகிலும் வரப்போரத்திலும் எடுக்காமல், பல இடங்களில் எடுத்துக் கலக்க வேண்டும். கறையானுக்குப் பயந்து மருந்து ஊற்ற வேண்டாம்; தரையில் சருகு கிடக்கும்வரை நன்றாக வேர்பிடித்த மரத்தின் பக்கம் அது பெரிதாகப் போவதில்லை என்பது என் அனுபவம்.

கேட்டவர்: அணைக்கட்டுக் கொல்லை

அனைவருக்கும் நன்றி. சூளைக்காரரிடம் இல்லையென்று சொல்லிவிட்டேன். தாவரவியல் படிக்கும் என் மகள், இந்த உரையாடலைப் படித்துவிட்டுத் தான் செய்துவைத்த ஒன்றை எழுதச் சொல்கிறாள். மார்ச் 10 அன்று கொசுவலையில் பை தைத்து, ஒவ்வொன்றிலும் நிழலில் உலர்த்திய சருகு 50 கிராம் போட்டுத் தோப்பில் ஆணியடித்து வைத்தாள். ஜூன் 10 அன்று பிரித்த தேக்குப் பையில் 47 கிராம் இருந்தது. செப்டம்பர் 10 அன்று பிரித்ததில் 29 கிராம். தைலத்தில் ஜூனில் 49, செப்டம்பரில் 37. இதிலிருந்து முழுதும் மக்க எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியுமா?

பதில்: ஓய்வுபெற்ற களப்பணியாளர்

மகளுக்கு என் பாராட்டு. நாங்கள் செய்ததும் இதே வலைப்பை முறைதான். எங்களுக்கு நைலான் வலையும் உலர்த்தும் அடுப்பும் இருந்தன, அவ்வளவே வேறுபாடு.

1963இல் ஓல்சன் என்பவர் முன்வைத்த கணக்குமுறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். எஞ்சியிருக்கும் சருகில் ஒரு குறிப்பிட்ட விகிதம் தொடர்ந்து குறைந்துகொண்டே வரும் என்பது அதன் அடிப்படை. தொடக்க எடையை எஞ்சிய எடையால் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுத்து, கடந்த காலத்தை ஆண்டுக் கணக்கில் கொண்டு வகுத்தால் சிதைவு மாறிலி கிடைக்கும். உங்கள் தேக்குக்கு ஆறு மாதத்தில் 50 கிராம் 29 ஆனது என்றால், மாறிலி ஆண்டுக்கு 1.09. இரண்டின் இயல் மடக்கையான 0.693ஐ அதனால் வகுத்தால், பாதி கரைய ஏழரை மாதம் என்று வரும். இருபதின் இயல் மடக்கையான ஏறத்தாழ 3ஐ அதனால் வகுத்தால், நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு கரைய இரண்டேமுக்கால் ஆண்டு. தைலத்துக்கு மாறிலி 0.60, பாதி கரையப் பதினான்கு மாதம், தொண்ணூற்றைந்து பங்குக்கு ஐந்து ஆண்டு.

இந்த விடையை நான் முழுதாக நம்பமாட்டேன், காரணம் உங்கள் மகளின் ஜூன் மாத எடை. மார்ச் முதல் ஜூன் வரை மூன்று கிராம்தான் குறைந்திருக்கிறது. அடுத்த மூன்று மாதத்தில் பதினெட்டு கிராம். தனித்தனியாகக் கணக்கிட்டால் வறண்ட காலத்தின் வேகம் ஆண்டுக்கு 0.25, மழைக்காலத்தின் வேகம் 1.93; ஏறத்தாழ எட்டு மடங்கு. வேலூர் வெயிலில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை, ஈரத்துக்குத்தான் பஞ்சம். இங்கே சருகு மக்குவது நாட்கணக்கில் இல்லை, நனைந்திருக்கும் நாட்கணக்கில் நடக்கிறது. ஆடி ஆவணியில் மாலை இடியோடு கொட்டும் மழை ஒரு நாள் நனைத்து இரண்டு நாளில் காய்ந்துவிடும்; ஐப்பசி கார்த்திகையின் விடாத தூறல்தான் சருகின் உள்படலத்தை வாரக்கணக்கில் ஈரமாக வைத்திருக்கும். அதிலும் தேக்கிலை அகலமானது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஓடுபோலத் தண்ணீரை வழித்துவிடுவதால், முதல் இரண்டு மழையில் கீழ்ப்படலம் நனைவதே இல்லை. வைகாசியில் ஒருமுறை சருகை மிதித்து நொறுக்கி, சாணிக் கரைசல் தெளித்து, வரிசைகளுக்கு இடையே ஆழமில்லாத பள்ளம் வெட்டி அதில் தள்ளினால், இந்தத் தடை நீங்கும். புங்க மரத்தைக் கவாத்து செய்த பச்சைத் தழையையும் அதோடு கலந்தால், நுண்ணுயிர்களுக்கு வேண்டிய தழைச்சத்து அங்கேயே கிடைத்துவிடும். தைலத்துக்கு இது தேக்கைவிட அவசியம்.

எடை குறைந்த அளவுக்குத் தழைச்சத்தும் வெளிவந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 50 கிராம் சருகில் 0.9 விழுக்காடு என்றால் 0.45 கிராம் தழைச்சத்து. எஞ்சிய 29 கிராமில் அது 1.4 விழுக்காடாக ஏறியிருந்தால், 0.41 கிராம் இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது. எடையில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு போயிற்று, தழைச்சத்தில் பத்துகூடப் போகவில்லை. இது விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட அளவு. எஞ்சிய சருகை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தால் உங்கள் தோப்பின் உண்மையான அளவு தெரிந்துவிடும்.

மண் மாதிரியைச் சித்திரையில் எடுத்ததும் ஒரு காரணம். காய்ந்து வெந்த மண் முதல் மழையில் நனைந்த சில நாட்களில், நுண்ணுயிர்கள் திடீரென்று பெருகி ஒரு தவணைத் தழைச்சத்தை விடுவிக்கும். பர்ச் என்பவர் 1958இல் இதை விரிவாக எழுதினார், அவர் பெயராலேயே அந்த விளைவு வழங்குகிறது. சித்திரை மாதிரியில் அது தெரியாது. முதல் நல்ல மழைக்கு ஒரு வாரம் கழித்தும், கார்த்திகை கடைசியிலும் ஒவ்வொரு மாதிரி எடுங்கள். கரிம அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

மகளுக்கு இரண்டு குறிப்புகள். கொசுவலையின் கண் சிறியது; ஜவ்வாது ஐயா சொன்ன கறையான் அதற்குள் எளிதில் நுழையாது. ஆகவே வெளியே கிடக்கும் சருகு பையில் உள்ளதைவிட வேகமாகக் குறையக்கூடும். கண் பெரிதான வலையிலும் சில பைகள் வைத்து ஒப்பிடலாம். இரண்டாவது, மழை தெறித்த செம்மண் எஞ்சிய இலையில் ஒட்டிக்கொண்டு எடையைக் கூட்டிக் காட்டும். தண்ணீரில் அலசினால் சத்தும் போய்விடும். உலர்ந்தபின் மெல்லிய தூரிகையால் தட்டித் துடைத்துவிட்டு நிறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு பைக்குப் பதிலாக மூன்று பைகளையாவது பிரித்துச் சராசரி எடுப்பது நல்லது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இருந்த மழைக்கால வேகமே நீடித்தால் டிசம்பர் 10 அன்று தேக்குப் பையில் 18 கிராம் இருக்க வேண்டும். எளிதில் கரைவது கரைந்து லிக்னின் மிஞ்சும்போது வேகம் தளரும் என்பதால், நான் 20க்குச் சற்று மேலே எதிர்பார்க்கிறேன். பிரித்த அன்று எடையை இங்கே எழுதச் சொல்லுங்கள்.